டீச்சர் வீட்டுக் கீரை

எனக்கு ஹார்ட் அட்டாக் வரவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்குள் எங்கள் பிளாக்கில் எனக்கு இரண்டு அட்டாக் வந்து, ஆபரேஷன் முடிந்து, நெஞ்சில் ஏதோ மிஷினும் வைத்தாகிவிட்டது. காய்கறிக் கடையில் என்னைப் பார்த்த ஒரு அம்மா கையிலிருந்த கத்தரிக்காயை நழுவவிட்டார். நான் ஆவி இல்லை என்று காட்டுவதற்காகவே அன்றைக்குக் கடைக்காரரிடம் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேரம் பேசினேன்.

கேட்கிறவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசிப் பகுதி வரும்போது பேச்சை மாற்றிவிடுகிறேன். எழுதினால் அப்படி நழுவ முடியாது என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கோமதி. டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தவள். கணவர் முருகேசனுக்கு மைன்ஸில் நிலக்கரி கொண்டுபோகிற பெல்ட் செக்‌ஷனில் வேலை, பெர்மனன்ட். ஒரே மகள் அபி, ஏழாம் வகுப்பு, என் பள்ளியிலேயே படிக்கிறாள். காலேஜ் நாட்களில் நான் எண்ணூறு மீட்டர் ஓடியவள். நாற்பதைத் தாண்டிய பிறகும் பிள்ளைகளோடு சேர்ந்து கிரவுண்டைச் சுற்றுவேன். மூச்சு வாங்குகிறது என்று உட்காருகிற பிள்ளையைக் காதருகே விசில் ஊதி எழுப்புவேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ராட்சசி. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ராட்சசிக்கு ஒரு வருடமாக ஒன்று மாற்றி ஒன்று. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்தது. வயிற்றைத் துணி பிழிவதுபோல் ஒரு வலி வந்து வந்து போனது. வாயில் எந்நேரமும் பழைய சாவியைச் சப்பியது போல ஒரு ருசி. விரல் மூட்டுகளில் குடைச்சல். ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வயசு, மாதவிலக்கு நிற்கிற நேரம், கேஸ், கண் திருஷ்டி. ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் குறைவு என்று வந்தது. ஹீமோகுளோபின் என்பது ரத்தத்தில் காற்றைச் சுமந்து போகிற சுமைகூலியாள். கூலியாட்கள் குறைந்தால் இதயம் இரண்டு மடங்கு ஓட வேண்டும். இதை எட்டாம் வகுப்புக்கு நானே பாடமாக நடத்தியிருக்கிறேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முருகேசன் ஒன்றும் பேசவில்லை. அவர் அப்படித்தான், கவலை வந்தால் வாயை மூடிக்கொண்டு கைக்கு வேலை கொடுப்பார். மொட்டை மாடியில் ஏற்கெனவே சில பெட்டிகளில் கீரை போட்டிருந்தார். கீழே தோட்டத்தில் போட்டால் டவுன்ஷிப் மாடுகள் இரவோடு இரவாக மேய்ந்துவிடும் என்பதால் மாடியில். ரிப்போர்ட் வந்த வாரமே பெட்டிகளை இன்னும் கூட்டினார். அரைக்கீரை, சிறுகீரை, பாலக்கு. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்னால் பாலக்கைப் பறித்து, பச்சையாக அரைத்து, எலுமிச்சை பிழிந்து ஒரு பெரிய டம்ளரில் என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார். அபியின் டிபன் பாக்ஸில் வாரத்தில் பாதி நாள் கீரைப் பொரியல். தனக்கு அவர் எடுத்துக்கொண்டதில்லை. கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்வேன், எல்லாம் உங்களுக்குத்தான் என்பார். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் தங்கள் புருஷன்மார்களைக் கூட்டிவந்து அந்த மாடியைக் காட்டினார்கள்.

நான் குடித்தேன். நாளாக நாளாக இன்னும் வெளுத்தேன். வெளுக்க வெளுக்க டம்ளர் பெரிதானது.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் ஒரு உடற்தகுதி முகாம் நடந்தது. வெளியூர் உடற்கல்விக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியரும் மாணவர்களும் வந்திருந்தார்கள். ஒரு பெஞ்சைப் போட்டு, தாளத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்கச் சொல்வார்கள். நிறுத்தியதும் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் நாடி பழைய நிலைக்கு இறங்குகிறதோ அவ்வளவுக்கு இதயமும் நுரையீரலும் திடமாக இருக்கின்றன என்று கணக்கு. டவுன்ஷிப் பிள்ளைகள் ஒரு குழு, கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் ஒரு குழு, டீச்சர்கள் ஒரு குழு. கிரவுண்டில் புல் செதுக்கிக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் பெண்களையும் நான்தான் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினேன். அவர்கள் முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெஞ்சில் ஏறி இறங்கினார்கள். நாடி பிடித்த மாணவன் இரண்டாவது முறையும் பிடித்துப் பார்த்தான். எல்லாக் குழுவையும்விட அவர்கள்தான் மேல். அடுத்தது கிராமத்துப் பிள்ளைகள். கடைசியில் டீச்சர்கள், அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆச்சரியம் இரண்டு இடத்தில் இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளில் ஒருத்தி, ரஞ்சிதா, பாதியிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அபியின் வகுப்புதான்; அபியின் சிநேகிதி. போன வருடம் வரைக்கும் எங்கள் பள்ளியிலேயே வேகமான கால் அவளுடையது. மாவட்ட அளவுக்கு அவளைக் கொண்டுபோக வேண்டும் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். இந்த வருடம் அவள் ஓட்டம் சவசவத்துப் போயிருந்தது. புல் செதுக்க வந்திருந்த அஞ்சலைதான் அவளுடைய அம்மா. அம்மா முதலிடம், மகள் பெஞ்சில். கீரை சாப்பிடுங்கள் என்று கிரவுண்டில் எல்லாப் பிள்ளைகளிடமும் எப்போதும் சொல்கிறவள் நான். அன்று எல்லோர் எதிரிலும் ரஞ்சிதாவைப் பார்த்து, ரத்தமே இல்லை உனக்கு, கீரை சாப்பிடு, கீரையைச் சாப்பிட்டுவிட்டு என் கிரவுண்டுக்கு வா என்றேன்.

இரண்டாவது ஆச்சரியம் நான். எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டுகிறேன் பார் என்று பெஞ்சில் ஏறினேன். எத்தனை முறை ஏறினேன் என்று நினைவில்லை. காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்டது, கிரவுண்ட் சாய்ந்தது. கண் விழித்தபோது அஞ்சலையின் மடியில் என் தலை இருந்தது. அவள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் துடிக்கும்போது உண்டாகிற மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரைவது அது. கோடு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருந்தது. வாழ்க்கையில் பிரஷர் மாத்திரையைக் கண்ணால் பார்க்காத எனக்கு அது முதல் அடி. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே எக்கோ, அதாவது ஒலியை அனுப்பி இதயத்தைப் படம் பிடிப்பது. பிறகு டிரெட்மில். ஓடுகிற பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைக் கவனிப்பார்கள். ஊருக்கே ஓட்டம் சொல்லிக்கொடுத்தவள், பட்டை கொஞ்சம் வேகமெடுத்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். பட்டையை நிறுத்திய பெண்ணுக்கு என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும். ஆன்ட்டி, எக்சர்சைஸ் பழக்கமே இல்லையா என்று கேட்டாள்.  

காத்திருக்கிற கூடத்தில் எல்லோரும் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருப்போம். பைக்குள் எக்ஸ்ரே, பிஸ்கட், ஒரு துண்டு. பெயர் கூப்பிடும்போது மொத்தக் கூடமும் நிமிர்ந்து பார்க்கும். முருகேசன் லீவு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் பையில் மட்டும் கூடுதலாக ஒரு பாட்டில். வெளிர் பச்சையாக. ஆஸ்பத்திரிக்கும் கீரைச் சாற்றைக் கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் இருந்த பெண் அதைப் பார்த்து, கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க என்றார். நான் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, ஆமாம் என்றேன்.

வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். குழாயை விழுங்கவைத்து வயிற்றைப் பார்த்தார்கள். புண் எதுவும் இல்லை. எங்கள் பிளாக்குப் பெண்கள் முறைபோட்டு அபிக்குச் சோறு போட்டார்கள். மேல் வீட்டுக்காரர் முருகேசனின் ஷிஃப்டைத் தன் ஷிஃப்டோடு மாற்றிக்கொண்டார். அஞ்சலை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, காடாம்புலியூரில் இருக்கும் அக்கா வீட்டுப் பலாப்பழத்தைச் சுளையெடுத்து, வாழையிலையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்றபடியே தன் மகளைப் பற்றிச் சொன்னாள்.

"எம் புள்ளையும் ஒங்கள மாரியேதாங்க டீச்சர், நடந்தாவே மூச்சு வாங்கினு வருது. வவுத்த வலிக்குதுன்னு வூட்ல சுருண்டு படுத்துகினு கெடக்குது."

பெரிய பிள்ளையாகிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். இரும்புச்சத்து டானிக் பெயர் ஒன்றைச் சொல்லி, கீரையை விடாமல் கொடு என்றும் சொன்னேன். அஞ்சலை சிரித்தபடி தலையாட்டினாள். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பது போன்ற தலையாட்டல் அது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் ரத்தப் பிரிவிலிருந்து ஒரு இளம் பெண் டாக்டர் வந்தார். என் உதட்டை விரலால் விலக்கி, டார்ச் அடித்து ஈறைப் பார்த்தார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நீலமாக ஒரு கோடு இருப்பதாகச் சொன்னார். என் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது சிவப்பணுக்களுக்குள் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் தெரிந்தனவாம். வெறும் சத்துக் குறைவில் இப்படி இருக்காது என்றார். பிறகு கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தார். என்ன கண்மை, என்ன குங்குமம், ஏதாவது பஸ்பம் சாப்பிட்டீர்களா, வீட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தீர்களா, கணவருக்கு என்ன வேலை, வேலை உடுப்போடு வீட்டுக்குள் வருவாரா.

முருகேசன் பொறுமையாகப் பதில் சொன்னார். பஸ்பம் கிடையாது. பெயின்ட் அடித்து வெகுகாலம். அவர் பெல்ட் செக்‌ஷன், உடுப்பை வெளியிலேயே மாற்றிவிடுவார். டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"தினமும் கீரைதான் டாக்டர். கடையில வாங்குறதில்ல, மருந்தடிச்சிருப்பான். நானே மாடியில பெட்டி வெச்சு வளக்குறேன்."

"என்ன பெட்டி?"

"பழைய லாரி பேட்டரிப் பெட்டி. உள்ளே இருக்கிறதையெல்லாம் எடுத்துட்டு, வெறும் கறுப்புப் பெட்டியா பழைய இரும்புக் கடையில கிடைக்கும். வெயிலுக்கு வெடிக்காது." அவர் குரல் அதோடு கொஞ்சம் இறங்கியது. "அடியில மட்டும் சாம்பல் இருந்துச்சு. செடிக்கு நல்லதுன்னு மண்ணோட கலந்துட்டேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "அது சாம்பல் இல்லை சார். ஈயம்."

இதை வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்கச் சிரமப்படுகிறேன். நெய்வேலியில் சாம்பல் இல்லாத இடம் இல்லை. நிலக்கரி எரிகிற ஊர் இது. துணி காயப்போடும் கொடியில் சாம்பல் படியும், ஜன்னல் கம்பியில் படியும். சாம்பலில் செங்கல் அறுக்கிறார்கள். செடிக்குச் சாம்பல் போட்டால் பூச்சி வராது, நன்றாகத் துளிர்க்கும் என்று குவார்ட்டர்ஸில் எல்லோரும் போடுகிறோம். சாம்பல் நிறத்தில் ஒரு பொடியைப் பார்த்தால் இது என்ன என்று கேட்கிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. இந்தத் தப்பை இந்த ஊர் மனுஷன்தான் செய்ய முடியும். முருகேசன் அதை அள்ளி அள்ளிக் கலந்திருக்கிறார், என் ரத்தம் ஊற வேண்டும் என்று.

டாக்டர் விளக்கினார். ஈயம் உடம்புக்குள் போனால் ரத்தம் உற்பத்தியாவதைத் தடுக்கும். ரத்தக் குழாயை இறுக்கும், அதனால் பிரஷர் ஏறும். குறைந்த ரத்தத்தை இறுகிய குழாய்களுக்குள் தள்ளித் தள்ளி இதயம் களைத்துப் போகும். எலும்புக்குள்ளும் போய் ஒளிந்துகொள்ளும். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. தலைமாட்டில் வைத்த டம்ளர்தான் கண் முன்னால் நின்றது. முருகேசன் எழுந்து, பையிலிருந்த பச்சை பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது பேயறைந்த மாதிரி இருந்தார். என்னைத் தொட வந்தவர் தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

அந்தக் கையைப் பிடித்து இழுத்து நான் சொல்ல நினைத்தது வேறு. வாயிலிருந்து வந்தது, "என்னங்க, அபி."

 என் உடம்பு எப்படியோ போகட்டும். வாரத்தில் பாதி நாள் அவள் டிபன் பாக்ஸில் அந்தக் கீரை. பாக்ஸ் சுத்தமாகக் காலியாகித் திரும்பி வரும். நல்ல பிள்ளை என்று நான் மெச்சியிருக்கிறேன். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும், மூளையையும் பாதிக்கும் என்று டாக்டர் சொன்ன பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அபியை அன்றைக்கே கூட்டி வந்தார்கள். அவளுக்கும் முருகேசனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அந்தச் சோதனை அங்கே கிடையாது, சென்னைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வருகிறவரை நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. எனக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். ஈயத்தைப் பிடித்து இழுத்துச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் மருந்து அது. டிரிப் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். நான் அபியை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வேன். எங்காவது தடுமாறினால் என் உயிர் போய் வரும். அவளோ, எனக்கு எப்பவுமே ஏழாம் வாய்ப்பாடு வராதும்மா என்று சொல்லி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

முடிவு வந்த அன்று டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். முருகேசனுக்குக் கொஞ்சம்தான், கவலை வேண்டாம். அபிக்கு அதைவிடவும் குறைவு. மருந்தே தேவையில்லை. நான் அபியைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் ஏதோ விபரீதம் என்று எழுந்து வந்துவிட்டார்கள். ஆனால் டாக்டருக்கு ஒரு சந்தேகம். அவ்வளவு கீரை சாப்பிட்ட பிள்ளைக்கு இது ரொம்பக் குறைவாயிற்றே என்றார்.

அபி தரையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கழுதை கீரையைச் சாப்பிடவே இல்லை. வருடம் முழுக்க என்னை ஏமாற்றியிருக்கிறாள். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. சிரித்துக்கொண்டே அவள் காதைப் பிடித்தேன்.

"ஏட்டி, எங்க கொண்டு போய்க் கொட்டுன?"

"கொட்டலம்மா. ரஞ்சிதாவுக்குக் குடுத்தேன்."

"யாருக்கு?"

"ரஞ்சிதாவுக்கு. வருஷ ஆரம்பத்துலேர்ந்தே பாதிக்கு மேல அவளுக்குத்தான் குடுத்தேன். கேம்ப்ல நீ அவள கீரை சாப்பிடச் சொன்னேல்ல, அப்பறம் முழுசாவே குடுத்துட்டேன். அவ அம்மாவுக்கும் தெரியும்."

என் கை அவள் காதிலேயே நின்றுவிட்டது. சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, அதை எடுக்கத் தெரியவில்லை. அஞ்சலையின் தலையாட்டல் நினைவுக்கு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்த ரஞ்சிதா நினைவுக்கு வந்தாள். வயிற்று வலி, மூச்சு வாங்குதல், சுருண்டு படுத்தல். எனக்கு இருந்தது ஒன்றுவிடாமல் அவளுக்கும் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு நான் டானிக் பெயர் சொல்லி அனுப்பியிருந்தேன். முருகேசன் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

அன்று மாலையே அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நடந்ததை அவர் வழியிலேயே சொல்லியிருந்தார். அஞ்சலை என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் வார்டு வாசலில் நின்று என் கையில் ஏறுகிற டிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் வூட்டு கீரைய எம் புள்ள தெனம் துன்னுதுன்னு தெருவெல்லாம் சொல்லிகினு இருந்தேங்க," என்றாள். 

ரஞ்சிதாவின் சோதனை முடிவு வந்தது. அவளுடைய எண் என்னுடையதைவிடப் பெரியது. நான் டாக்டரோடு சண்டைக்கே போனேன். பச்சையாக அரைத்து டம்ளர் டம்ளராகக் குடித்தவள் நான். அவள் சாப்பிட்டது மத்தியானம் ஒரு கைப்பிடிப் பொரியல், அது எப்படி என்றேன். டாக்டர் அப்போது சொன்னதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகாமல் நெஞ்சிலேயே நிற்கிறது. ஈயம் எல்லோர் உடம்பிலும் ஒரே மாதிரி ஏறாது. ஏற்கெனவே இரும்புச்சத்து இல்லாத உடம்பு, இரும்பைத் தேடித் தேடி அலைகிற குடல், ஈயத்தையும் இரும்பு என்று நினைத்து இழுத்துக்கொள்ளும். காலையில் எதுவும் சாப்பிடாமல் வருகிற வெறும் வயிறு இன்னும் வேகமாக இழுக்கும். வளர்கிற பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். காலை டிபனும் மத்தியானம் முட்டையும் சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைக்கு அதே கீரை இவ்வளவு கெடுதல் செய்திருக்காது.

அந்த முகாமில் நாங்கள் குழு குழுவாகப் பிரித்து நாடி பிடித்தோம். கிராமத்துப் பிள்ளைகள் ஏழ்மையிலும் திடமாக இருக்கிறார்கள் என்று பேராசிரியர் மைக்கில் பாராட்டினார். நான் கை தட்டினேன். அந்தத் திடத்துக்குள் எவ்வளவு பசி இருக்கிறது என்று நாடியில் தெரியவில்லை.

எனக்குக் கணவரின் கம்பெனி கொடுத்த ரெஃபரல் சீட்டு இருந்தது, பில்லை அவர்களே கட்டிவிடுவார்கள். அஞ்சலை தினக்கூலி. அவளுக்கு ஒரு சீட்டும் கிடையாது. முருகேசன் கவுன்டரில் போய் ரஞ்சிதாவுக்கும் நான்தான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அஞ்சலைக்கு அது பிடிக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆள் போட்டுவிடுவார். கீழே கடையில் ஒரு தேங்காயெண்ணெய் பாட்டில் வாங்கி என் கையில் கொடுத்து, புள்ள தலைய காயவுடாதீங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு டிரிப் முடிந்து வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் போகவில்லை. நோயாளிக்குத் துணை இருப்பவருக்குத் தருகிற அட்டெண்டர் சீட்டை வாங்கிக்கொண்டு ரஞ்சிதாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு ஊசியோடு மாத்திரையும் கொடுத்தார்கள். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற மாத்திரை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். வயிற்று வலி மெதுவாக விட்டது. ஓட முடியுமா என்று டாக்டரிடம் அவளேதான் கேட்டாள். முடியும், ஆனால் நாளாகும், எலும்புக்குள் போனது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும் என்றார். ரஞ்சிதா என் பக்கம் திரும்பி, டிஸ்ட்ரிக்ட் மீட்டுக்குள்ள வந்துடுமா டீச்சர் என்றாள். நான் அவள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். வரும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. எனக்குத் தெரியாது கண்ணு என்றேன்.

முருகேசன் அதற்குள் மாடியைக் காலி செய்திருந்தார். செடியையும் மண்ணையும் பெட்டியையும் எப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அதன்படி மூட்டை கட்டி அனுப்பிவிட்டார். கீரை கொண்டுபோன வீடுகள் ஒவ்வொன்றுக்கும் போய்க் கதவைத் தட்டிச் சொன்னாராம். எப்போதாவது ஒரு கட்டு வாங்கியவர்கள்தான் அவர்கள். இருந்தாலும் ரத்தம் சோதிக்கச் சொல்லிவிட்டு வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. இப்போதும் காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறார். எழுந்து சமையலறையில் சும்மா நிற்கிறார். காபி போடச் சொன்னால் போடுகிறார். டம்ளரை என் கையில் தராமல் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று வேண்டுமென்றே சண்டை போடுகிறேன்.

கடைசியாகச் சொல்ல வந்தது இது. ரஞ்சிதாவை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள், ஆஸ்பத்திரி மத்தியானச் சாப்பாடு வந்தது. தட்டில் சோறு, சாம்பார், ஒரு முட்டை, ஓரத்தில் கீரைக் கூட்டு. ரஞ்சிதா முட்டையைத் தின்றாள், சோற்றைத் தின்றாள். கீரையைத் தொடவில்லை. அவள் பயப்படுகிறாள் என்று நினைத்து, இது வேறு கீரை, ஒன்றும் செய்யாது என்று சொல்லலாமா என யோசித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். எந்த மாடி, எந்தப் பெட்டி, யாருடைய கீரை என்று எல்லாவற்றையும் அவள் எதிரிலேயே பேசியிருக்கிறோம்.

"எனக்குக் கீரைன்னாவே புடிக்காதுங்க டீச்சர்," என்றாள். "நீங்க சொன்னீங்கன்னுதான் துன்னேன்."

பிறகு கூட்டை விரலால் கொஞ்சம் அள்ளி, வாயருகே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். கிரவுண்டில் விசிலுக்குக் காத்து நிற்கிற அதே பார்வை.

"இத துன்னவா டீச்சர்? நீங்க சொன்னா துன்னுறேன்."